எழுதுவோர் பகுதி: கதையில் வரும் காவல் அதிகாரி

நம் இதழுக்கு வரும் சிறுகதைகளில் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் தலைகாட்டாத திங்கள் அரிது. அவரை நேயர்கள் நன்கு அறிவார்கள். முறுக்கிய மீசையும் கறுப்புக் கண்ணாடியும் உடையவர். ஜீப் நிற்குமுன் குதித்து இறங்குவார். வீட்டில் நகை களவு போயிருக்கும். வீட்டு அம்மாள் அழுதுகொண்டிருப்பார். இன்ஸ்பெக்டர் கூடத்தை ஒரு முறை சுற்றி வருவார்; பாத்திரம் துலக்க வரும் பெண்ணை உற்று நோக்குவார்; அவள் நடுங்குவாள். கன்னத்தில் ஓர் அறை விழும். உடனே அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள். நகை கிடைக்கும், வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார், கதை முடியும்.

இந்த இன்ஸ்பெக்டர் எந்த ஊர்க் காவல் நிலையத்திலும் பணி செய்பவர் அல்லர். திரைப்படத்தில் பிறந்து, தொடர்கதையில் வளர்ந்து, இப்போது நம் இதழுக்கும் மாற்றலாகி வந்திருக்கிறார். உண்மையான காவல் அதிகாரி ஒருவரைக் கதையில் நிறுத்த விரும்பும் அன்பர்கள் எவற்றை அறிந்துகொள்ள வேண்டும், எங்கே சென்று அறியலாம் என்பதே இத்திங்களின் பேச்சு.

காவல் துறையைப் பற்றிக் கதை எழுதிய பெரியோர் இவ்வாறு நேரில் அறிந்தே எழுதினர். வங்காளத்தில் பிரியநாத் முகோபாத்தியாயர் கல்கத்தா போலீஸின் துப்பறியும் பிரிவில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். 1892ஆம் ஆண்டு முதல் 'தாரோகார் தப்தர்' என்ற பெயரில் அவர் வெளியிட்ட கதைகள் தம் அனுபவத்தை அடியாகக் கொண்டவை. பிரெஞ்சு மொழியில் எழுதிய பெல்ஜிய எழுத்தாளர் ஜார்ஜ் சிமனோன் போலீஸ்காரர் அல்லர். மெக்ரே என்னும் அதிகாரியைப் படைத்து 1931இல் புகழ் பெற்றார். பாரிஸ் நகரத்துக் காவல் தலைமையகத்தின் உயர் அதிகாரி அவரை அழைத்து, அலுவலகம் நடக்கும் முறையை நேரில் பார்க்கச் செய்தார். பின்னர் 1951இல் வெளிவந்த ஒரு நூலில், மெக்ரேயே தம்மைப் படைத்தவரின் பிழைகளை எடுத்துச் சொல்வதாகச் சிமனோன் வேடிக்கையாக எழுதினார். நமக்கு அப்படி அழைப்பு விடுக்கும் உயர் அதிகாரி எவரும் இல்லை. ஆயினும் வழி இல்லாமற் போகவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் அந்த அறையை எடுத்துக்கொள்வோம். அறம், இரக்கம் முதலியவற்றைச் சற்று ஒதுக்கி, தொழில் நோக்கில் மட்டும் பார்ப்போம். அப்பெண் அறை வாங்கிக்கொண்டு, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டாள். இன்ஸ்பெக்டருக்கு இதனால் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை. போலீஸ் அதிகாரியிடம் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு எதிராக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கலாகாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே 25ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அது நிலைபெற்றிருக்கிறது. ஒரே ஒரு விலக்கு உண்டு. "அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன்" என்று அவள் சொல்லி, அவ்வண்ணமே அங்கு நகை கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்பைப் பற்றிய அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். அதற்கும் அரிசி டப்பாவைத் திறக்கும்போது அருகில் சாட்சிகள் இருத்தல் வேண்டும். அனுபவமுள்ள அதிகாரியின் மனம் அப்பெண்ணின் கன்னத்தின்மீது இராது; அடுத்த வீட்டில் சாட்சிக்கு வரக்கூடியவர் யார் என்பதிலேயே இருக்கும். யாரும் வர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் ஒரு நாள் வேலை கெட்டு நிற்க வேண்டுமே என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்வர். இக்காட்சியை எழுதினால் எவ்வளவு உயிர் இருக்கும்!

கைதையும் பாருங்கள். வேலைக்காரர் செய்யும் திருட்டுக்கு உச்ச தண்டனை 7 ஆண்டுச் சிறை. 7 ஆண்டும் அதற்குக் குறைந்ததுமான தண்டனைக்குரிய வழக்குகளில் கைது செய்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆஜராகுமாறு அறிவிப்பு அனுப்பலாம், கைது செய்தால் அதன் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். இதை 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. பெண்ணைச் சோதனையிடப் பெண்ணே வேண்டும். பொழுது சாய்ந்தபின் பெண்ணைக் கைது செய்ய, தனிப்பட்ட காரணமும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். ஆக, நம் கதையின் இன்ஸ்பெக்டர் மாலை 7 மணிக்கு வந்து அப்பெண்ணை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார் என்றால், அவர் வீரர் அல்லர், சட்டத்தை மீறுகிறவர். அவரை அவ்வாறே வேண்டுமென்று படைப்பது வேறு. அறியாமல் படைத்துவிட்டு, அவரைக் கதாநாயகன் என்று நாம் நம்பியிருப்பது வேறு.

அடுத்து, பதவியும் உடையும். தோளில் 2 நட்சத்திரம் சப் இன்ஸ்பெக்டருக்கு, 3 இன்ஸ்பெக்டருக்கு. இருவருக்கும் தோள்பட்டை ஓரத்தில் சிவப்பும் நீலமுமான நாடா உண்டு. டி.எஸ்.பி.க்கும் 3 நட்சத்திரமே. ஆனால் நாடா இல்லை. கதை எழுதுவோர் பலர் தடுமாறுவது இங்கேதான். மாவட்டத்தில் எஸ்.பி. தலைவர். கமிஷனர் உள்ள பெருநகரங்களில் அவருக்குக் கீழே துணைக் கமிஷனர், உதவிக் கமிஷனர் என்று வரிசை செல்லும். இவற்றை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம்.

ஒரு மாலையில் கற்க முடியாதது பேச்சு. தமிழ்நாட்டை விட்டு வந்து வாழும் நமக்கு அதுவே பெரிய வாய்ப்பும் ஆகும். காவல் துறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே சட்டம் ஒன்றாயினும் சொல் ஊருக்கு ஊர் மாறும். கைப்பற்றிய பொருள்களுக்குச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பத்திரத்தைத் தமிழ்நாட்டுக் காவலர் 'மகஜர்' என்பர். பம்பாய், நாகபுரி, அகமதாபாத் ஊர்களில் அது 'பஞ்சநாமா', சாட்சிகள் 'பஞ்ச்'. தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் நிலையம் 'தாணா'. அன்றாடக் குறிப்பேடு 'ரோஸ்நாம்சா'. கைப்பற்றிய பொருள்களை வைக்கும் அறை 'மால்கானா'. எழுத்து வேலை பார்ப்பவர் 'முன்ஷி'. வங்காளத்தில் நிலையத் தலைவர் 'படபாபு'. மராட்டியத்தில் சப் இன்ஸ்பெக்டருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவே உதவி இன்ஸ்பெக்டர் என்று ஒரு பதவியே உண்டு. கல்கத்தா நகரப் போலீஸார் வெண்ணிற உடை அணிவர். அந்நகர எல்லை தாண்டினால் மேற்கு வங்கப் போலீஸார் காக்கியில் நிற்பர். தாராவியில் நடக்கும் கதையில் ஹவல்தார் ஒருவர் "ஐயா, மகஜர் எழுதிட்டேன்" என்று சொன்னால், மதுரையில் இருக்கும் வாசகர் பொறுத்துக்கொள்வார், நம்மவர் சிரித்துவிடுவார். "சாஹேப், பஞ்சநாமா ஜாலா" என்று அவர் சொல்ல, அதைக் கேட்டு நிற்கும் நம் ஊர்க் கிழவர் ஏதோ பஞ்சாயத்து கூடப் போகிறது என்று நினைத்துக்கொள்ள, அங்கே ஒரு கதை பிறக்கிறது.

இனி நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது: காவல் அதிகாரியின் நாள் பெரும்பாலும் எழுத்தில் கழிகிறது. நாங்கள் இருப்புப்பாதை அலுவலகத்தில் ஒரு பார்சல் தொலைந்தால் எத்தனை தாள் எழுதுகிறோம் என்பதை எண்ணி, ஒரு மனிதர் இறந்து கிடந்தால் அவர் எவ்வளவு எழுத வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். முதல் தகவல் அறிக்கை, சம்பவ இட வரைபடம், அக்கம்பக்கத்தார் இருவரேனும் முன்னிலையில் பிண விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைக்கு வேண்டுகோள், சாட்சிகள் சொன்னவை, தடயப் பொருள்களுக்கு முத்திரை, அனுப்பும் கடிதம். இன்று இவற்றுள் பல கணினியில் ஏறுகின்றன. புதிய நடைமுறைச் சட்டத்தின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப்பதிவும் செய்ய வேண்டும். கைப்பேசியை ஒரு கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டு நிற்க, 50 வயதான சப் இன்ஸ்பெக்டர் அதன் முன் தம் பெயரையும் நேரத்தையும் சொல்லத் தயங்குவது, 2024க்குப் பின் நடக்கும் கதையில் இருக்க வேண்டிய காட்சி.

இவ்வெழுத்துக்களில் கதாசிரியர் காதலிக்க வேண்டியது வழக்கு நாட்குறிப்பு. புலனாய்வு செய்யும் அதிகாரி நாள்தோறும் எழுத வேண்டியது அது. தகவல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எந்த எந்த இடங்களுக்குச் சென்றார், என்ன தெரிந்தது, எத்தனை மணிக்கு முடித்தார் என்று பக்க எண் இட்ட ஏட்டில் வரிசையாக வரும். அவர் வீணாகச் சுற்றிய தெருக்களும் அதில் உண்டு. பூட்டியிருந்த வீடும் உண்டு. துப்பறியும் கதை என்று நாம் எழுதுவதில் இந்த வீண் அலைச்சலை வெட்டிவிடுகிறோம். மனிதர் மறைந்து பொம்மை மிஞ்சுகிறது. அதோடு ஒரு கடிகாரமும் அவர் தலைமேல் ஓடுகிறது. கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் உள்ளவர்மீது குற்றப்பத்திரிகை, வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் தாக்கலாகாவிடில், ஜாமீன் கேட்கும் உரிமை அவருக்கு வந்துவிடும். தடய ஆய்வுக் கூடத்து அறிக்கை வரவில்லை. நாள் 88 ஆகிவிட்டது. துப்பாக்கி இல்லாமலே வாசகரின் நெஞ்சு படபடக்கும்.

சிறு பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடு" என்று இன்ஸ்பெக்டர் சாட்சியை அதட்டுவது நம் கதைகளில் வழக்கம். புகார் கொடுப்பவர் தம் புகாரில் கையொப்பமிட வேண்டும். புலனாய்வில் சாட்சி சொல்வதை எழுதிக்கொள்ளும் தாளிலோ சாட்சியின் கையொப்பம் வாங்கலாகாது என்பதே சட்டம். அதுபோல், 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று நாம் பழகிய எண்கள் 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்கே பொருந்தும். அதன்பின் கொலை 103, மோசடி 318. பழைய காவலர் வாய் தவறி 302 என்று சொல்லி, பிறகு திருத்திக்கொள்வதாக எழுதினால் நன்றாகவே இருக்கும்.

இரயிலில் நடக்கும் கதைகள் நமக்கு இயல்பு. ஆண்டுதோறும் ஊருக்குப் போய் வருகிறவர்கள் நாம். ஆதலின் இதைச் சற்று விளக்கலாம். இரயில் நிலையத்தில் காணும் காக்கி உடையினர் எல்லோரும் ஒரே படையினர் அல்லர். ஆர்.பி.எஃப். என்பது 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்தியப் படை. இரயில்வேயின் சொத்தையும், பயணிகளின் பாதுகாப்பையும் காப்பது அதன் வேலை. பயணியின் பெட்டி களவு போனாலோ, கொலை நடந்தாலோ வழக்குப் பதிந்து புலனாய்வு செய்பவர் ஜி.ஆர்.பி. எனப்படும் இரயில்வே போலீஸார். அவர் அந்தந்த மாநில அரசைச் சேர்ந்தவர். சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் வண்டியில் குந்தக்கல்லுக்கும் ராய்ச்சூருக்கும் நடுவே இரவில் ஓர் அம்மாளின் கைப்பை போகிறது என்று வைப்போம். சோலாப்பூரில் கண் விழித்துப் பார்க்கிறார். ஆந்திரத்தில் போயிற்றா, கர்நாடகத்தில் போயிற்றா? மராட்டியத்தில் அல்லவா தெரிந்தது? கதையில் வரும் அதிகாரி, "இது எங்கள் எல்லை அன்று, போங்கள்" என்று சொல்வார். உண்மையிலும் அப்படிச் சொல்பவர் உண்டு. ஆனால் சட்டம் அவ்வாறு சொல்ல இடம் தரவில்லை. குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும். பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையின் படியை இலவசமாகத் தர வேண்டும். பிடியில் எடுத்துக்கொள்ளத்தக்க குற்றமாயின் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஓடும் வண்டியில் டிக்கெட் பரிசோதகரிடமோ கார்டிடமோ படிவம் வாங்கி நிரப்பிக் கொடுக்கலாம். பயணத்தை முறித்துக்கொண்டு இறங்க வேண்டியதில்லை. 139 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

இதைக் கதைப் பகுதியில் ஏன் விரித்து எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். நம் குடும்பங்களில் பலர் காவல் நிலையத்தின் உட்புறத்தைக் கதையிலும் படத்திலும் மட்டுமே கண்டவர்கள். மொழி சரியாகத் தெரியாத ஊரில் ஒரு நாள் அங்கே போய் நிற்க நேர்ந்தால், தாம் படித்ததையே அவர்கள் எதிர்பார்ப்பார்கள். 'எல்லை அன்று' என்று சொன்னால் திரும்பி வருவார்கள். தம் பிள்ளையை அடித்தால், விசாரணை என்றால் அப்படித்தான் என்று எண்ணிக்கொள்வார்கள்.

இன்னொன்று. நம் கதைகளில் அறை வாங்குபவர் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பாத்திரம் துலக்கும் மராட்டியப் பெண். பீகாரிலிருந்து வந்த காவற்காரப் பையன். கட்டட வேலைக்கு வந்த ஒரியர். வீட்டு மருமகன் அறை வாங்கிய கதையை நான் இதுவரை படிக்கவில்லை. ஊர் விட்டு வந்தவன், மொழி தெரியாதவன், கேட்க ஆளில்லாதவன் — அவனே சந்தேகத்துக்கு உரியவன் என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திரத்துக் குண்டூரில் கூலி வேலைக்குச் சென்றிருந்தபோது செய்யாத குற்றத்துக்காகக் காவலில் பட்ட துன்பத்தை 'லாக்கப்' என்னும் நாவலாக எழுதினார். அதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2016இல் வெளியாயிற்று. அந்தக் கதையில் ஊர் விட்டு வந்தவன், மொழி தெரியாதவன் தமிழன்தான்.

நல்ல அதிகாரியைப் படைக்க விரும்புவோருக்கும் உண்மையில் சான்று உண்டு. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் காவலில் தாக்கப்பட்டு இறந்த செய்தியை நாம் அறிவோம். அந்த இரவு நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தாம் கண்டதை விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். உடன் பணி செய்வோர் வெளியே நின்றுகொண்டிருக்க, நாளையும் அதே உடையை அணிய வேண்டிய ஒருவர், அஞ்சிக்கொண்டே சொன்னார். அவர் கையில் துப்பாக்கி இருந்ததாக எவரும் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பற்றியும் ஒரு சொல்: போலீஸார் சுட்டு ஒருவர் இறந்தால், 2014இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிப்படி, வழக்குப் பதிய வேண்டும், வேறு நிலையத்தாரோ சி.ஐ.டி.யினரோ விசாரிக்க வேண்டும். சுட்ட அதிகாரி தம் ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். நம் கதாநாயகர் சுட்டுவிட்டுப் புகை ஊதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

சரி, எங்கே கற்பது? ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். "உங்கள் வீரச் செயல் எது?" என்று கேட்காதீர்கள்; அவர் சினிமாவையே திருப்பிச் சொல்வார். விநாயகர் விசர்ஜன பந்தோபஸ்துக்கு நின்ற நாளில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், மகளுக்குப் பெண் பார்க்க வந்த அன்று விடுமுறை கிடைத்ததா, மாற்றல் ஆணை வந்தபோது பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். இன்னொரு வழி: 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி, மறைக்க வேண்டிய வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகள் போலீஸ் துறையின் இணையதளத்தில் வெளியாகின்றன. நாலைந்தைப் படித்தால் அதன் நடை பிடிபட்டுவிடும். தீர்ப்புகளையும் செலவின்றிப் படிக்கலாம். ஆனால் அவற்றில் உள்ள மனிதர்களின் பெயரையும் ஊரையும் கதையில் எடுத்தாள வேண்டா.

எல்லாவற்றிலும் மேலானது செஷன்ஸ் நீதிமன்றம். விசாரணை திறந்த மன்றத்தில் நடப்பது. மூடிய அறையில் நடத்த வேண்டிய வழக்குகள் தவிர மற்றவற்றை நாம் போய் உட்கார்ந்து கேட்கலாம். புலனாய்வு அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்யும் நாளாகப் பார்த்துச் செல்லுங்கள். குற்றம் நடந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அதிகாரி வேறு மாவட்டத்துக்கு மாறியிருப்பார், தலை நரைத்திருக்கும், காலை வண்டியில் வந்து தாழ்வாரத்தில் கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பார். கூண்டில் ஏறியதும், அன்று மழை பெய்ததா, தெருவிளக்கு எரிந்ததா என்று வக்கீல் கேட்பார். நினைவு இராது. வழக்கு நாட்குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. பார்த்தாரோ, அப்பகுதியைக் காணும் உரிமை எதிர்த்தரப்புக்கும் வந்துவிடும். புரட்டலாமா, வேண்டாமா என்று அவர் கை அந்தக் கட்டின்மேல் ஒரு கணம் நிற்கும். அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

அடுத்த திங்கள் மருத்துவமனைக் காட்சிகளைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணம். காவல் அதிகாரி வரும் கதைகளைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, கதை நடக்கும் ஊரையும் ஆண்டையும் மறவாமல் குறித்து அனுப்ப வேண்டுகிறேன்.